ஓரத்தில் எழுதிய பச்சைச் சொல்

நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு. குடிநீர் வாரியம் வால்வுக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி அது. பெரிய குழாய் உடைந்தபோது பதினோரு நாள் இடுப்பளவு சேற்றில் நின்று வேலை பார்த்ததற்கான மிகைநேரக் கூலி. தாளில் மிகைநேரம் என்று எழுதியிருந்தார்கள். சேறு என்று எங்கேயும் எழுதவில்லை.

அந்தப் பணத்துக்கு வீட்டில் ஏற்கெனவே வேலை சொல்லி வைத்தாயிற்று. படுக்கிற அறையின் கூரைத் தகரம் துருப்பிடித்து மூன்று இடத்தில் வானம் தெரிந்தது. மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும். தகரக் கடைக்காரர் வேறு யாருமில்லை, மனைவியின் கூடப் பிறந்த அண்ணன்தான். கடன் கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உறவு உறவா இருக்கட்டும் மாப்ள, காசு காசா இருக்கட்டும். ரெண்டையும் கலந்தா ரெண்டும் துருப்பிடிச்சிரும்."

மனைவி அண்ணனை விட்டுக்கொடுக்கவில்லை. "ஊர்த் தண்ணியெல்லாம் திறக்கவும் மூடவும் உங்களுக்குத் தெரியுது. நம்ம தலைக்கு மேல மட்டும் ஒரு வால்வு வைக்க மறந்துட்டீங்களே" என்றாள்.

பணம் அடுத்த மாதம் வந்திருக்க வேண்டும். அதற்குள் குழாய்த் திறப்பு விழா வந்துவிட்டது.

நகரத்தின் மேற்கு மூலையில் ஒரு தெருவுக்குப் புதுக் குழாய் போட்டிருந்தார்கள். தலைமைப் பொறியாளரே வந்து ரிப்பன் வெட்டித் திறப்பதாக ஏற்பாடு. குழாயடியிலிருந்து அறுநூறு அடி தள்ளி, சாலை ஓரத்து இரும்பு மூடிக்குக் கீழே வால்வு. வால்வுக்காரர் காலையிலிருந்தே அங்கே சாவியோடு நின்றார். வால்வுச் சாவி என்பது சட்டைப் பையில் போடுகிற சாவி அல்ல. மார்பு உயரத்துக்கு நிற்கும் இரும்புக் கம்பி, மேலே குறுக்கே ஒரு கைப்பிடி. இரண்டு கையாலும் பிடித்துச் சுற்ற வேண்டும்.

விழாவில் கைதட்டும் பணியாளர் இருபது பேருக்குக் குறையக் கூடாது என்று வாரியத்தில் ஒரு சுற்றறிக்கை உண்டு. தண்ணீரின் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குக்கூட அவ்வளவு தெளிவான சுற்றறிக்கை கிடையாது. அன்றைக்கு எண்ணிப் பார்த்ததில் பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். மேற்பார்வையாளர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"வாங்கண்ணே, சீக்கிரம் வாங்க. வரிசையில ஒரு ஆள் குறையுது."

"நான் அங்க வந்துட்டா தண்ணிய யாரு திறக்கறது?"

"தண்ணி எங்கண்ணே போயிரப் போகுது? ஐயா வந்துட்டாரு!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டார். சாவி வேலியில் சாய்ந்து கிடந்தது.

தலைமைப் பொறியாளர் முக்கால் மணி நேரம் பேசினார். மூன்று நாளாகத் தண்ணீர் வராத தெருவின் பெண்கள் குடத்தை இடுப்பு மாற்றி இடுப்பு வைத்துக்கொண்டு கேட்டார்கள். "இந்தக் குழாயைத் திறப்பது என் கை அல்ல, இந்த வாரியத்தின் கை" என்று அவர் முடித்தார். "வாரியத்தின் கை எங்கே படுகிறதோ, அங்கே தண்ணீர் தானாக வரும்."

ரிப்பனை வெட்டினார். குழாயைத் திருகினார். குழாய் தொண்டையைச் செருமியது. பிறகு உள்ளேயிருந்து ஒரு சிலந்தி வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போய்விட்டது. குழாயைத் திருகியதும் கைதட்ட வேண்டும் என்று உத்தரவு இருந்ததால் இருபது பேரும் தட்டினார்கள். நிறுத்தச் சொல்லி உத்தரவு வராததால் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் வால்வுக்காரர் கையில் ஒரு படிவம் வந்தது. அதில் ஒரே ஒரு கட்டம்: வால்வு திறக்கப்படாததற்குக் காரணம்.

வால்வுக்காரர் நாற்பத்து மூன்று வயதில் எழுத்துக் கற்றவர். அதற்கு முன் வாரியத்துக்கு அவர் கொடுத்ததெல்லாம் பெருவிரல் ரேகைதான். சொந்தக் கையால் அவர் வாரியத்துக்கு எழுதப்போகும் முதல் வாக்கியம் இது. அரை மணி நேரம் ஆயிற்று. எத்தனையோ குழாயைத் தோளில் தூக்கியிருக்கிறார், இப்படி வேர்த்ததில்லை. யோசித்து, ஒவ்வோர் எழுத்தாக இறக்கி வைத்தார்:

'விழா நடந்துகொண்டிருந்ததால் வால்வைத் திறக்க ஆள் இல்லை. நாங்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.'

வீட்டில் மனைவியிடம் அதைச் சொல்லிக் காட்டினார். "பிழையில்லாம எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஒரு பிழை இல்ல" என்றார் பெருமையாக.

ஒரு வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. வாக்கியத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், பச்சை மையில் ஓர் ஆங்கிலச் சொல். அதன் கீழே: 'மிகைநேரக் கூலியை நிறுத்தி வைக்கவும்.'

எழுத்தர் அந்தச் சொல்லைப் படித்துக் காட்டினார். "ஃபிளிப்பண்ட்."

"அப்படின்னா என்னங்கய்யா?"

எழுத்தர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "தலைமைப் பொறியாளரே கைப்பட எழுதியிருக்கார். போய் அர்த்தம் கேட்டா, இதுகூடத் தெரியாதாம்பார். தெரியும்னா, தெரிஞ்சுகிட்டு ஏன்யா கேக்குறம்பார். இருபத்தாறு வருஷமா இந்த ஆபீஸ்ல நான் யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல. அதனாலதான் இந்த நாற்காலி இன்னும் எங்கிட்ட இருக்கு."

ஆனாலும் நல்ல மனுஷர். அலமாரியிலிருந்து அகராதியை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்துச் சொன்னார்: "கனமா எடுத்துக்க வேண்டிய விஷயத்த, மரியாதையில்லாம, இலேசா எடுத்துக்கிறது. விளையாட்டுத்தனமாப் பேசுறது. அதுதான்."

வால்வுக்காரர் படிவத்தைப் பார்த்தார். தன் வாழ்நாளில் அவ்வளவு கனமாக அவர் வேறு எதையும் எடுத்துக்கொண்டதில்லை.

"இதுல விளையாட்டு எங்க இருக்குதுங்கய்யா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் குழு போட்டிருக்காங்க" என்றார் எழுத்தர்.

அதுவரைக்கும் இன்னொரு விதியும் உண்டு. விசாரணையில் இருப்பவர் வாரியத்தின் திருகு எதையும் தொடக்கூடாது. சாவியை வாங்கி, அதன் கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டி, 'சான்றுப் பொருள்' என்று எழுதினார்கள். வேறு ஆள் போடவில்லை. வழக்கு முடியாமல் இடம் காலியாகாது, காலியாகாத இடத்துக்கு ஆள் போட முடியாது. வால்வுக்காரர் தினமும் வந்து தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் மூடித் திறந்த தெருக்களில் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வந்தது, போயிற்று.

குழுவில் மூன்று பேர். தலைவர் துணைப் பொறியாளர். அவர் பக்கத்தில் சட்ட அதிகாரி, அந்தப் பக்கம் கணக்கு அதிகாரி. குறிப்பெடுக்க எழுத்தர். தேநீருக்கு ஒரு தகரப் பணப்பெட்டி.

தலைவர் கனிவாகவே ஆரம்பித்தார். "பயப்படாதீங்க. உங்களத் தண்டிக்கிறது இந்தக் குழுவோட நோக்கமில்ல. தண்டனை ஏற்கெனவே குடுத்தாச்சு. அதுக்கேத்த குற்றத்தக் கண்டுபிடிக்கிறதுதான் எங்க வேலை."

வாக்கியத்தை வாசிக்கச் சொன்னார்கள். வால்வுக்காரர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இப்படித்தான் எழுதும்போதும் மனசுக்குள்ள சொன்னீங்களா?" என்றார் சட்ட அதிகாரி.

"எழுதும்போது எழுத்து மேலதாங்க கவனம். 'ஞ' வருமோ 'ந' வருமோன்னு."

"பாருங்க, விஷயத்துல கவனமில்ல. எழுதிக்குங்க."

எழுத்தர் எழுதிக்கொண்டார். மறுபடி, இன்னும் கனமாக வாசிக்கச் சொன்னார்கள். வால்வுக்காரர் குரலைத் தாழ்த்தி, இழவு வீட்டில் பேசுவதுபோல வாசித்தார். "நாங்கள் எல்லோரும்… கைதட்டிக்கொண்டிருந்தோம்." இன்னும் கனம் போதாது என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். நாலாவது தடவை, தொண்டை கரகரக்க, நெஞ்சில் கை வைத்து அவர் "கைதட்டி…" என்று ஆரம்பித்தபோது கணக்கு அதிகாரி குபீரென்று சிரித்துவிட்டார். வாயைக் கைக்குட்டையால் பொத்தினார். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

அன்று சாயங்காலமே கணக்கு அதிகாரிக்கு ஒரு படிவம் போயிற்று: சிரிப்புக்குக் காரணம். அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஆனால் மூன்று பேர் குழு மூன்று பேர் குழுதான் என்பதால் நாற்காலி இருந்தது. அதற்கும் தேநீர் வந்தது.

ஏழாவது அமர்வில் சொல்லின் பயன்பாட்டை விளக்க ஓர் ஆங்கில வாத்தியாரை அழைத்தார்கள். ஓய்வு பெற்றவர், யாருக்காவது பயப்பட வேண்டிய வயதைக் கடந்தவர்.

"மனுஷனையும் அப்படிச் சொல்லலாம், பேச்சையும் சொல்லலாம், பதிலையும் சொல்லலாம்" என்றார் வாத்தியார். "நோயாளி மூச்சுக்குத் திணறும்போது வைத்தியர் ஜோக் அடிச்சா, அவரச் சொல்லலாம். பசியோட வந்து நிக்கிறவன்கிட்ட, 'போய்யா, பட்டினி உடம்புக்கு நல்லது'ன்னா, அந்தப் பேச்சச் சொல்லலாம். எதிர்ல ஒருத்தருக்குப் பெரிய கஷ்டம் இருக்கணும். அத நாம துச்சமா நினைக்கணும். அப்பத்தான் அந்தச் சொல் பொருந்தும்."

"இந்த வாக்கியத்துக்குப் பொருந்துதா?" என்றார் தலைவர்.

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். "இதுல இலேசு ஒண்ணுமில்ல. நடந்தது இருக்கு. உண்மை இருக்கு."

சட்ட அதிகாரி எழுந்தே விட்டார். "உண்மையா இருந்தா அது இன்னும் மோசம் சார்! பொய் எழுதுறவன்கிட்ட ஒரு பயம் இருக்கும். அந்தப் பயத்துக்குப் பேருதான் மரியாதை. இந்த வாரியத்துல இதுவரைக்கும் வந்த எத்தனையோ விளக்கங்கள்ல ஒண்ணுலகூட உண்மை இருந்ததில்ல. அவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்ட இடம் இது!"

வால்வுக்காரர் கையைத் தூக்கினார். புரிந்த மாதிரி இருந்தது, சரிதானா என்று கேட்டுக்கொள்ள ஆசை.

"வாத்தியாரய்யா, ஒரு சந்தேகம். மூணு நாளாத் தண்ணி இல்லாம சனங்க குடத்தோட நிக்கும்போது, வெறுங்குழாய்க்கு ரிப்பன் வெட்டி, எங்களக் கைதட்டச் சொன்னாங்களே. அதுக்கு இந்தச் சொல் வருங்களா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தலைவர், "இன்றைய அமர்வு முடிந்தது" என்றார். எழுத்தர் குறிப்பில் எழுதியது இவ்வளவுதான்: 'பணியாளர் மறுபடியும் ஃபிளிப்பண்ட்.'

அதற்குள் மழை வந்துவிட்டது. மூன்று ஓட்டைக்குக் கீழே மூன்று பாத்திரம். வால்வுக்காரரும் மனைவியும் நடுவில் மிஞ்சிய இடத்தில் முழங்காலை மடித்துப் படுத்தார்கள்.

"என்னதான் ஆச்சு உங்க கேசு?"

"என் பேச்சுல கனம் பத்தாதாம்."

"இங்க வந்து பாக்கச் சொல்லுங்க. சட்டி நிறைஞ்சு நான் தூக்கி ஊத்துறேனே, அது எவ்வளவு கனம்னு தெரியும்." அவள் சொல்லி முடிக்கவும் ஒரு சொட்டு அவள் நெற்றியிலேயே விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தபின் வால்வுக்காரருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. யாராவது குறித்துக்கொண்டிருப்பார்களோ என்று.

இறுதி அமர்வு பத்தொன்பதாவது. தலைமைப் பொறியாளரே வந்தார். வாரியக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக் கூட்ட அறை, வாசலிலிருந்து எட்டுப் படி இறங்க வேண்டும். மேசை நடுவில் அட்டை கட்டிய வால்வுச் சாவி, அதன் பக்கத்தில் முந்நூறு பக்கக் கோப்பு. தலைமைப் பொறியாளர் பேச எழுந்தார்.

"இந்தப் பணியாளர் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஒரு சொல்லை நான் எழுதினால், அதற்கு அர்த்தம் இருந்தாக வேண்டும். அர்த்தம் இல்லாவிட்டால் இந்த வாரியத்தில் நான் எழுதிய மற்ற சொற்களின் கதி என்ன?"

அந்த நேரத்தில் அவர் பின்னால் சுவரோரம் போன குழாய் முதலில் விசில் அடித்தது. பிறகு மூட்டு கழன்றது. முதல் வீச்சிலேயே அவருடைய முதுகு நனைந்துவிட்டது. வாரியத்தின் கை படாமலே தண்ணீர் தானாக வந்தது.

"மூடுங்க! யாராவது மூடுங்க!"

எல்லோரும் வால்வுக்காரரைப் பார்த்தார்கள். வால்வுக்காரர் சாவியைப் பார்த்தார். பழக்கத்தில் கை அரை அடி நீண்டது. சட்ட அதிகாரி பாய்ந்து தடுத்தார்.

"தொடாதீங்க! விசாரணையில இருக்கீங்க!"

"சரிங்கய்யா" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். "வேற யாராவது போங்க. வெளிய முற்றத்துல மூணாவது மூடி. வலப்பக்கமா பதினாலு சுத்து."

மேற்பார்வையாளர் சாவியைத் தூக்கிக்கொண்டு தடுமாறிப் படியேறினார். அறையில் கணுக்கால் வரை தண்ணீர். வெளியே கிரீச், கிரீச் என்று சத்தம். குழாயில் வந்த தண்ணீர் இரண்டு மடங்காயிற்று.

"இடப்பக்கம் சுத்துறாரு" என்றார் வால்வுக்காரர் தரையைப் பார்த்தபடி.

தலைமைப் பொறியாளர் நாற்காலி மேல் ஏறினார். அவர் ஏறியதால் தலைவர் ஏறினார், தலைவர் ஏறியதால் சட்ட அதிகாரி ஏறினார். கணக்கு அதிகாரியின் காலி நாற்காலி மிதந்து கதவுப் பக்கம் போயிற்று. எழுத்தர் கோப்பை விட்டுவிட்டுப் பணப்பெட்டியை மட்டும் தலைமேல் தூக்கிக்கொண்டார். பத்தொன்பது அமர்வுத் தேநீருக்கு மட்டும் ஒன்பதாயிரம் செலவாகியிருந்தது, மீதி பெட்டியில் இருந்தது.

"விலக்கு! தடையை விலக்கு!" என்றார் தலைமைப் பொறியாளர்.

"விசாரணை முடிஞ்சாத்தான் தடை போகும் ஐயா" என்றார் எழுத்தர்.

"விசாரணை முடிந்தது!"

"எழுத்துல வேணும் ஐயா."

நாற்காலி மேல் நின்றபடி, தலைவரின் முதுகில் தாளை வைத்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். வால்வுக்காரர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். படியேறிப் போய், மேற்பார்வையாளரிடமிருந்து சாவியை வாங்கி, வலப்பக்கமாகச் சுற்றினார். தண்ணீர் நின்றது. மொத்தம் ஐந்து நிமிஷ வேலை.

திரும்பி இறங்கி வந்தபோது எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். "வேலை முடிஞ்ச படிவம். இத நிரப்பினாத்தான் நிறுத்தி வெச்ச கூலியும் சேந்து வரும்."

அதில் ஒரே ஒரு கட்டம்: வால்வு மூடத் தாமதமானதற்குக் காரணம்.

வால்வுக்காரர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வேறு எதையாவது எழுதிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். மழை என்று எழுதலாம். குழாய் பழசு என்று எழுதலாம். வீட்டில் மூன்று சட்டி நிறைந்துகொண்டிருந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்த எழுத்து கொஞ்சம், நடந்ததை எழுத மட்டும்தான் அது போதும். ஒவ்வோர் எழுத்தாக இறக்கி வைத்தார்:

'விசாரணை நடந்துகொண்டிருந்ததால் வால்வை மூட ஆள் இல்லை. ஐயாமார்கள் எல்லோரும் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தார்கள்.'

தலைமைப் பொறியாளர் நாற்காலியை விட்டு இறங்காமலே வாங்கிப் படித்தார். முகம் சிவந்தது. பேனாவை எடுத்து, ஓரத்தில் வேகமாக ஒரு சொல்லை எழுதி எழுத்தரிடம் கொடுத்தார்.

தாள் நனைந்திருந்தது. பச்சை மை பரவி, எழுத்துகள் ஒன்றையொன்று விழுங்கி, ஓரத்தில் ஒரு வெற்றிலை அளவுக்குப் பச்சைத் திட்டாக நின்றது.

எழுத்தர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே நனைந்த மனுஷன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து கேட்டார்:

"ஐயா, என்ன எழுதியிருக்கீங்க?"

தலைமைப் பொறியாளர் அறையைப் பார்த்தார். மிதக்கிற கோப்பைப் பார்த்தார். இன்னொரு குழு, இன்னொரு பத்தொன்பது அமர்வு, இதே அறை, இதே நாற்காலி. சாவி ஏற்கெனவே வால்வுக்காரர் தோளில் இருந்தது.

"'கொடுக்கவும்'னு எழுதியிருக்கேன்" என்றார். "தெரியலையா?"

"நல்லாத் தெரியுதுங்கய்யா" என்றார் எழுத்தர், பணப்பெட்டியைத் திறந்துகொண்டே.

அன்று சாயங்காலம் தகரத்தோடு மச்சான் வந்து சேர்ந்தார். நோட்டுகளை வாங்கி விரித்துப் பார்த்தார். "என்ன மாப்ள, ஈரமா இருக்கு?"

"வாரியத்துக் காசு, மச்சான். அப்படித்தான் இருக்கும்."

மனைவி ஒரு சட்டியைத் தூக்கி வாசலில் ஊற்றிவிட்டு வந்தாள். "அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்? கடைசி வரைக்கும் எனக்குச் சொல்லவேயில்லையே."

"கனமானத இலேசா எடுத்துக்கிறதாம்."

"அப்படியா? அப்ப இந்தத் தகரத்த அந்த மாதிரி எடுத்து மேல ஏத்துங்க, பாப்போம்."

தகரத்துக்கு நாலாயிரத்து முந்நூறு போயிற்று. மீதிப் பதினேழுக்கு ஆணி வாங்கினார்கள்.